மந்திரக் கம்மியர்: பிள்ளைகளுடன் சேர்ந்து ஒரு விளையாட்டு விதி எழுதினோம்

ஹிஞ்சேவாடியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை என்பது ஒரு சோதனை. வெளியே போக முடியாது. வாரம் முழுவதும் ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பூங்காவில் கணினித் திரையைப் பார்த்துக் களைத்த பெற்றோர், ஞாயிறன்று கைபேசித் திரையைப் பார்க்கிறார்கள். பெற்றோர் செய்வதைத்தானே பிள்ளைகளும் செய்வார்கள்! எங்கள் குடியிருப்பில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து இதற்கு ஒரு மாற்று கண்டோம். அது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. அந்த விளையாட்டில் மந்திரம் அறிந்த ஒரு கைவினைஞரை நாங்களே உருவாக்கினோம். அது எப்படி என்பதை விளக்கினால் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இது என்ன விளையாட்டு?

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். இதற்குப் பலகை கட்டாயமில்லை. நாலைந்து பேர், ஆளுக்கொரு பென்சில், ஒரு நோட்டுப் புத்தகம், இருபது முகம் கொண்ட ஒரு பகடை, இவ்வளவு போதும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். ‘நீங்கள் ஒரு கோட்டை வாசலுக்கு வந்துவிட்டீர்கள். கதவு பூட்டியிருக்கிறது. என்ன செய்கிறீர்கள்?’ என்று நடத்துபவர் கேட்பார். ‘நான் சுவர் ஏறிக் குதிக்கிறேன்’ என்று ஒரு பிள்ளை சொல்லும். முடியுமா முடியாதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இவ்வளவுதான் விளையாட்டு.

நம் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கூத்தில் கட்டியக்காரன் வந்து ‘வருவது யார்? எந்த நாடு? என்ன காரியமாக வந்தீர்?’ என்று கேட்டுக் கேட்டுத்தானே கதையை நகர்த்துகிறான்? அதனால் எங்கள் வீட்டில் கதை நடத்துபவருக்குக் ‘கட்டியக்காரர்’ என்றே பெயர் வைத்துவிட்டோம். பகடைக்கும் வெளிநாட்டுச் சரக்கைத் தேட வேண்டியதில்லை. இருபது புளியங்கொட்டைகளில் ஒன்று முதல் இருபது வரை எண் எழுதி ஒரு சுருக்குப்பையில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டால் அதுவும் பகடைதான்.

‘வகுப்பு’ என்னும் சொல்

இந்த விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வேலை உண்டு. 1974-இல் வந்த முதல் பதிப்பில் போர்வீரர், மந்திரவாதி, அருட்பணி செய்யும் குரு என்று மூன்றே பேர்தான். பிறகு ஒவ்வொன்றாகக் கூடின. ஆங்கிலத்தில் இதை ‘கிளாஸ்’ என்பார்கள். நேராக மொழிபெயர்த்தால் ‘வகுப்பு’ என்று வரும். ஆனால் தமிழில் வகுப்பு என்றால் பள்ளிக்கூடத்து வகுப்பு, இல்லாவிட்டால் ‘வகுப்புவாதம்’ என்று சொல்லும்போது நினைக்கிற அந்த வகுப்பு. இரண்டுமே இங்கே பொருந்தவில்லை. நாங்கள் ‘தொழில்’ என்று வைத்துக்கொண்டோம்.

வெறும் சொல் பிரச்சினையாக இதை விட்டுவிட முடியாது. நம் நாட்டில் கைத்தொழில் என்றாலே பிறப்பு நினைவுக்கு வந்துவிடுகிறது. தச்சர் மகன் தச்சர், தட்டார் மகன் தட்டார் என்று காலம் காலமாகக் கட்டிவைத்த வழக்கம் அது. இந்த விளையாட்டிலோ பிறப்பு வேறு, தொழில் வேறு. பாத்திரம் எந்த உயிரினம் என்பதை ஒரு பக்கமும், எந்தத் தொழில் என்பதை இன்னொரு பக்கமும் தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பு முதலாவதற்கு ‘இனம்’ என்ற பொருள்படும் சொல் புத்தகத்தில் இருந்தது. 2024-இல் வந்த புதிய விதிப்புத்தகத்தில் அதையும் ‘உயிரினம்’ என்ற பொருள் தரும் சொல்லாக மாற்றிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எந்தத் தொழிலையும் எடுக்கலாம். எங்கள் பாத்திரத்துக்கும் சாதிப் பெயராக வழங்கும் சொல்லை விட்டுவிட்டு, பழந்தமிழில் கைவினை செய்வோரைப் பொதுவாகக் குறித்த ‘கம்மியர்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டோம்.

அவர்கள் செய்த கைவினைஞர்

மந்திரம் அறிந்த கைவினைஞர் அந்த விளையாட்டிலேயே இருக்கிறார். பெயர் ‘ஆர்ட்டிஃபைசர்’. 1996-இல் மந்திரவாதியின் ஒரு கிளையாகத் தலைகாட்டினார். தனித் தொழிலாக நிலைபெற்றது 2004-இல். விஸர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2002-இல் ‘புதிய கதை உலகம் ஒன்றை எழுதி அனுப்புங்கள்’ என்று போட்டி வைத்தது. ஏறத்தாழ 11,000 பேர் அனுப்பினார்கள். கீத் பேக்கர் என்பவரின் ‘எபெரான்’ வென்றது. மந்திரத்தால் ஓடும் ரயில், பறக்கும் கப்பல், அணையாத தெருவிளக்கு என்று மந்திரமே ஒரு தொழிற்சாலைச் சரக்காகிவிட்ட உலகம் அது. அந்த உலகத்துக்கு ஒரு கைவினைஞர் தேவைப்பட்டார், வந்தார்.

வந்தவர் சிரமப்பட்டார் என்பதுதான் விஷயம். அப்போதைய விதிப்படி ஒரு மந்திரப் பொருள் செய்ய, அதன் விலையில் பாதித் தொகை செலவு. ஆயிரம் பொற்காசு விலைக்கு ஒரு நாள் வேலை. போதாக்குறைக்கு, பாத்திரம் ஈட்டிய அனுபவப் புள்ளிகளிலிருந்தும் கழிவு. கைவினைஞருக்கு மட்டும் அந்தக் கழிவை ஈடுகட்டத் தனியாக ஒரு சேமிப்பு கொடுத்தார்கள். விளைவு, விளையாடும் பிள்ளை கணக்குப்பிள்ளையாகிவிடும்! இன்னொரு சங்கடமும் இருந்தது. அவர் ஒரு பொருளில் மந்திரம் ஏற்றப் பெரும்பாலும் ஒரு நிமிடம் ஆகும். ஒரு நிமிடம்தானே என்று நினைக்காதீர்கள். அந்த விளையாட்டில் சண்டையின் ஒரு சுற்று ஆறு வினாடி. ஒரு நிமிடத்துக்குள் பத்துச் சுற்று போய்விடும். இவர் கத்தியைத் தீட்டி முடிப்பதற்குள் சண்டையே முடிந்துவிடும்.

2019-இல் இவரைத் திருத்தி எழுதினார்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் பன்னிரண்டு தொழில்களுக்குப் பிறகு சேர்ந்த பதின்மூன்றாவது தொழில் இது. இம்முறை கணக்குப்புத்தகம் போயிற்று. பாத்திரம் இரண்டாம் படிக்கு வந்தவுடன் நான்கு செய்முறைகள் தெரியும். ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு பொருள்களில்தான் மந்திரம் நிற்கும். மூன்றாவதில் ஏற்றினால் முதலாவதில் ஏற்றியது இறங்கிவிடும். நீண்ட ஓய்வு முடியும்போது ஏற்றிக்கொள்ளலாம். மற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஏழாம் படியில் இன்னொரு திறமை வருகிறது: பக்கத்தில் இருக்கும் தோழர் பகடை உருட்டும்போது இவர் ஒரு யோசனை சொல்லி அந்த எண்ணைக் கூட்டிவிடலாம்.

இந்தத் திருத்தத்தைக் கூர்ந்து பார்த்தால் கைவினைஞர் பாத்திரத்தின் மூன்று சிக்கல்கள் விளங்கும். ஒன்று, பட்டறையில் வேலை நடக்கும்போது மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும். இரண்டு, பொருள் குவிந்துகொண்டே போனால் விளையாட்டின் சுவை கெடும். மூன்று, வாளைச் செய்தவரை யாரும் பாராட்டமாட்டார்கள், வீசியவருக்குத்தான் கைதட்டல். இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால்தான் ஒரு பிள்ளை ‘நான் கம்மியர் ஆகிறேன்’ என்று ஆசையாக முன்வரும். பதில் தேட நாங்கள் நம் பக்கம் திரும்பினோம்.

நம்மிடம் இருந்த சரக்கு

கைவினைஞரைப் பற்றித் தமிழில் பஞ்சமே இல்லை. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் மயிற்பொறி வருகிறது. அமைச்சன் துரோகம் செய்து அரண்மனையை வளைத்துக்கொண்டபோது, சச்சந்தன் தன் கருவுற்ற அரசியை அந்தப் பறக்கும் மயிலில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் நின்று போரிட்டு மடிகிறான். மயில் அவளைக் காப்பாற்றியது. ஆனால் இறங்கியதோ சுடுகாட்டில். சீவகன் பிறந்தது அங்கேதான். கொங்குவேளிரின் பெருங்கதையில் எந்திர யானை ஒன்று வருகிறது. யானை என்றால் உயிரை விடும் உதயணனைப் பிடிக்க, உள்ளே வீரர்களை ஒளித்துவைத்து உஞ்சை அரசன் அனுப்பிய பொய் யானை அது. கிரேக்கர்களின் மரக்குதிரைக்கு இது பங்காளி.

சிலப்பதிகாரத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். கோவலன் கொலையுண்டது ஒரு கைவினைஞனின் பொய்யால். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். பொருளின் உள்ளே இருப்பதை அறியக்கூடிய பொற்கொல்லன் அரசனிடம் பொய் சொன்னான்; ஒரு நகரமே எரிந்தது. கைவினைஞரின் வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு எடை இருக்கிறது பாருங்கள்!

நாம் புனேவில் இருப்பதால் எனக்கு மிகவும் பிடித்தது மணிமேகலையில் வரும் ஒரு செய்தி. புகாரில் சோழனுக்காக மண்டபம் அமைத்தபோது, தமிழ்நாட்டு வினைஞர்களோடு மகத நாட்டார், அவந்திக் கொல்லர், யவனத் தச்சர் எல்லாரும் சேர்ந்து வேலை செய்தார்களாம். அந்த வரிசையில் மராட்டக் கம்மியரும் இருக்கிறார்கள்! நாம் வேலை தேடி மராட்டிய மண்ணுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அவர்கள் வேலைக்காக நம் ஊருக்கு வந்திருக்கிறார்கள் என்பது சீத்தலைச் சாத்தனார் தரும் சித்திரம். எங்கள் மேசையில் உட்காரும் பக்கத்து வீட்டு மராட்டிப் பையனிடம் இதைச் சொன்னதும் அவன், ‘அப்படியானால் என் ஆள் மராட்டக் கம்மியர்’ என்று முடிவுகட்டிவிட்டான்.

ஏட்டிலிருந்து மட்டுமல்ல, பட்டறையிலிருந்தும் எடுத்துக்கொண்டோம். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் செப்புத் திருமேனி வார்ப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து முதலில் மெழுகிலே உருவம் செய்வார்கள். தென்னை ஓலையை மடித்து மடித்துத்தான் அளவு. அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி நிழலில் உலர்த்தி, மறுபடி பூசி, கம்பி கட்டிச் சூடேற்றினால் உள்ளிருக்கும் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி ஆறவிட்டு, பின் மண்ணை உடைத்தெடுக்க வேண்டும். ஓர் அச்சில் ஒரு சிலைதான்; இன்னொன்று வேண்டுமென்றால் மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் கடைசியில் ஸ்தபதி சிலையின் கண்ணைத் திறப்பார். அதுவரை அது உலோகம். அதற்குப் பிறகு தெய்வம்.

இங்கேயே ஒரு பட்டறைத் தெருவும் இருக்கிறது. புனே கஸ்பா பேட்டையில் ‘தாம்பட் ஆளி’ என்பது செப்புப் பாத்திரம் செய்வோரின் சந்து. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனோம். செம்பின் மேல் சுத்தியல் விழுந்து விழுந்து சின்னச் சின்னக் குழிகளாக ஒரு கோலமே விழுவதைக் கண் கொட்டாமல் பார்த்தார்கள். வீட்டுக்கு வரும்வரை அவர்கள் காதில் அந்த டொக் டொக் சத்தம்தான்.

எங்கள் ஐந்து விதிகள்

முதல் விதி: இரண்டு பொருள். கம்மியர் செய்த பொருள்களில் இரண்டுதான் ஒரே சமயத்தில் விழித்திருக்கும். மூன்றாவது விழித்தால் முதலாவது உறங்கிவிடும். ஆறாம் படியில் மூன்று, பத்தாம் படியில் நான்கு. இது 2019 விதியிலிருந்து எடுத்துக்கொண்டது. பொருள் குவியும் சிக்கல் இதனால் தீர்ந்தது.

இரண்டாம் விதி: அச்சு உடையும். ஒருமுறை செய்ததை அப்படியே மறுபடி செய்ய முடியாது. ஏதாவது ஓர் அம்சம் மாற வேண்டும். இது சுவாமிமலை தந்தது. இந்த விதி இல்லாவிட்டால் பிள்ளைகள் ஒரே நெருப்புக் கத்தியைப் பத்து முறை செய்வார்கள். இப்போது ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் விதி: ஒரு வேலை, ஒரு ‘கூடாது’. ஒவ்வொரு பொருளுக்கும் செய்யக்கூடிய காரியம் ஒன்று, செய்ய முடியாத காரியம் ஒன்று. இரண்டையும் அந்தப் பிள்ளையே தமிழில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். மயிற்பொறி பறக்கும், ஆனால் நினைத்த இடத்தில் இறங்காது என்பதுபோல. ‘எப்போதும் ஜெயிக்கிற வாள் வேண்டும்’ என்று ஒரு பையன் கேட்டான். ‘சரி, கூடாது என்ன?’ என்று கேட்டேன். அரை மணி நேரம் யோசித்துவிட்டு, ‘உறையிலிருந்து எடுக்கக் கூடாது’ என்றான்! எல்லாரும் சிரித்தோம், ஆனால் அந்த வாளை அப்படியே ஏற்றுக்கொண்டோம். அடுத்த வாரம் அதை வைத்தே ஓர் அரக்கனைப் பயமுறுத்தி ஓட்டினான்.

நான்காம் விதி: கண் திறப்பு. பொருளை இரவு ஓய்வில் செய்துவைக்கலாம். ஆனால் அது விழிப்பது கம்மியர் விளையாட்டின் நடுவே அதைத் தொட்டுப் பெயர் சொல்லி அழைக்கும்போதுதான். இதற்கு அவருக்கு ஒரு முறை செலவாகும். அந்த ஒரு நொடியில் மேசையில் இருக்கும் எல்லாரும் அவரைத்தான் பார்ப்பார்கள். வீசியவருக்குக் கைதட்டல் கிடைப்பதற்கு முன்பே செய்தவருக்கும் ஒரு கைதட்டல் கிடைத்துவிடும்.

ஐந்தாம் விதி: கை மாறினால் பலம். கம்மியர் தன் பொருளைத் தானே பயன்படுத்தினால் பகடை எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். தோழரிடம் கொடுத்தால், அந்தத் தோழர் இரண்டு முறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். இதன் கணக்கைப் பாருங்கள். ஒரு காரியத்துக்கு 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இருபது எண்களில் ஒன்பது எண்கள் சாதகம். அதாவது நூற்றுக்கு 45. ஒன்று கூட்டினால் 50. இரண்டு முறை உருட்டினாலோ, இரண்டுமே தவறினால்தான் தோல்வி. அதற்கு வாய்ப்பு 55 விழுக்காட்டில் 55 விழுக்காடு, ஏறத்தாழ 30. ஆகவே வெற்றி வாய்ப்பு 70! தானே வைத்துக்கொண்டால் 50, கொடுத்தால் 70. ‘பிறருக்குக் கொடு’ என்று நாம் வாயால் ஆயிரம் முறை சொன்னாலும் ஏறாதது, இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் பிள்ளைகளுக்கு ஏறிவிட்டது. ஏழாம் வகுப்புக் கணிதமும் கூடவே வந்துவிட்டது.

இந்த ஐந்தோடு ‘உரைகல்’ என்று ஒரு திறமையும் உண்டு. ஒவ்வோர் ஓய்வுக்குப் பிறகும் ஒரு முறை, கம்மியர் ஏதாவது ஒரு பொருளைத் தொட்டால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கட்டியக்காரர் உண்மையாகச் சொல்லியாக வேண்டும். அதை அவர் தோழர்களிடம் மாற்றிச் சொன்னால், அவருடைய பொருள்கள் எல்லாம் உறங்கிவிடும். உண்மையை எல்லார் முன்னிலையிலும் சொன்ன பிறகுதான் விழிக்கும். இது சிலப்பதிகாரம் தந்த விதி என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

ஐந்து பட்டறைகள்

கம்மியர் ஆகும் பிள்ளை ஐந்து பட்டறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கொல்லர் பட்டறை: ஆயுதம், பூட்டு, சங்கிலி. கருவிகள் உலை, துருத்தி, சம்மட்டி, குறடு.

தச்சர் பட்டறை: வண்டி, படகு, பாலம், பொய் யானை. கருவிகள் உளி, இழைப்புளி, ரம்பம், மூலமட்டம்.

கன்னார் பட்டறை: விளக்கு, மணி, பாத்திரம். கருவிகள் மூசை என்னும் உலோகம் உருக்கும் குவளை, அச்சு, அரம்.

சிற்பியர் பட்டறை: காவல் சிலை, மதில், படிக்கட்டு. கருவிகள் சிற்றுளி, சுத்தியல், அளவு நூல்.

தட்டார் பட்டறை: மோதிரம், தாயத்து, சிலம்பு. கருவிகள் ஊதுகுழல், குமுட்டி அடுப்பு, குன்றிமணி எடை, தராசு. உரைகல் திறமை இவர்களுக்கு மட்டும் இரண்டு முறை.

இந்தப் பெயர்களில் பாதி எங்களுக்கே மறந்துபோயிருந்தது. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் மாமியார்தான் அகராதி. ‘துருத்தின்னா என்ன பாட்டி?’ என்று பேத்தி கேட்க, பாட்டி இரண்டு கைகளாலும் காற்றை அமுக்கி அமுக்கிக் காட்ட, அன்றைக்கு விளையாட்டே அரை மணி நேரம் நின்றுபோயிற்று. இதைவிட நல்ல தமிழ் வகுப்பு எனக்குத் தெரியவில்லை.

ஒரு மணியும் ஒரு குடையும்

விதிகள் மேசையில் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு ஓர் உதாரணம். என் மகள் கன்னார் பட்டறைக் கம்மியர். ‘காவல்மணி’ என்று ஒன்று செய்தாள். அதன் வேலை: பகைவர் பின்னால் வந்தால் தானே அடிக்கும். அதன் கூடாது: மழையில் அடிக்காது. அதைத் தானே வைத்துக்கொள்ளாமல் மராட்டிப் பையனிடம் கொடுத்தாள். கோட்டையை நெருங்கியபோது கட்டியக்காரர் மழையைக் கொண்டுவந்துவிட்டார், கட்டியக்காரர் நான்தான். மணி ஊமையாயிற்று. என்ன செய்வது என்று நால்வரும் குசுகுசுவென்று பேசினார்கள். கடைசியில் ஒருவர் பனையோலையை வெட்டிக் குடை செய்து மணிக்குப் பிடிப்பதென்றும், மற்றவர்கள் நனைவதென்றும் முடிவாயிற்று. ஒரு மணிக்குக் குடை பிடித்துக்கொண்டு நான்கு வீரர்கள் கோட்டைக்குள் நுழைந்த கதையை அவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எப்போதும் அடிக்கும் மணியாக இருந்திருந்தால் இந்தக் கதையே பிறந்திருக்காது. மந்திரக் கைவினைஞரை உருவாக்கும்போது அவரால் என்ன முடியும் என்பதில் எல்லாரும் கவனம் வைக்கிறோம். என்ன முடியாது என்பதில்தான் விளையாட்டு இருக்கிறது. உண்மைக் கைவினையும் அப்படித்தானே? மரத்துக்கு ரேகை உண்டு, செம்புக்கு உருகும் சூடு உண்டு. அந்த வரம்பை அறிந்தவரைத்தான் கைதேர்ந்தவர் என்கிறோம்.

பரணிலிருந்து வந்த சுத்தியல்

நாங்கள் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. எங்கள் குழுவில் ஒரு பையன் தட்டார் பட்டறையை எடுத்தான். அவன் அப்பா ஹிஞ்சேவாடியில் மென்பொருள் பொறியாளர், அதிகம் பேசாதவர். பிள்ளையின் தாளில் ‘ஊதுகுழல், குமுட்டி’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். அடுத்த ஞாயிறன்று ஒரு துணிப்பொட்டலத்தோடு வந்தார். உள்ளே சின்னஞ்சிறு சுத்தியல், பிடி தேய்ந்து வழவழவென்று இருந்தது. அவருடைய அப்பா ஊரில் நாற்பது வருடம் நகை செய்தவராம். இயந்திர நகை வந்தபின் வேலை குறைந்து, ‘நீயாவது படித்துப் பிழைத்துக்கொள்’ என்று மகனை அனுப்பினவர். ‘இவனுக்கு இதையெல்லாம் சொன்னதே இல்லைங்க. சொல்ல வேண்டிய வேளையும் வரவில்லை’ என்றார்.

பையன் அந்தச் சுத்தியலைக் கையில் வாங்கிப் பார்த்தான். பிறகு தன் தாளில் ‘கருவிகள்’ என்ற இடத்தில் ‘தாத்தாவின் சுத்தியல்’ என்று எழுதிக்கொண்டான். ‘அதுக்குக் கூடாது என்ன?’ என்று என் மகள் விதிப்படி கேட்டாள். அவன், ‘விற்கக் கூடாது’ என்றான்.

நாம் ஊரைவிட்டு வரும்போது எத்தனையோ விஷயங்களைப் பரணில் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். சிலவற்றை வெட்கப்பட்டு, சிலவற்றை நேரமில்லாமல். நம் குடும்பங்களில் இரண்டு தலைமுறை பின்னே போனால் எங்காவது ஒரு தறி, ஓர் உலை, ஓர் ஏர் இருக்கும். அவற்றைப் பிள்ளைகளிடம் பாடமாகச் சொன்னால் காதில் வாங்கமாட்டார்கள். அவர்களாகக் கேட்கும்படி ஒரு விளையாட்டு அமைந்தால் நாம் சொல்லி முடிக்கும்வரை விடமாட்டார்கள்.

நீங்களும் தொடங்க

நான்கைந்து பிள்ளைகள், பத்து வயதுக்கு மேல் இருந்தால் நல்லது. இரண்டு மணி நேரம் போதும். முழு விதிப்புத்தகம் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை அந்த நிறுவனமே 2023 ஜனவரியில் எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் திறந்துவிட்டது. அந்தத் தொகுப்பில் ஆர்ட்டிஃபைசர் கிடையாது. அதனால் என்ன? உங்கள் கம்மியரை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

கட்டியக்காரராக இருக்கும் பெரியவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். பிள்ளை ‘ஹாமர்’ என்று சொன்னால் திருத்தாதீர்கள். ‘எந்தச் சுத்தியல்? கொல்லர் சம்மட்டியா, தட்டார் சுத்தியலா?’ என்று கேளுங்கள். அடுத்த முறை அதுவே சரியாகச் சொல்லும். இரண்டாவது, பிள்ளைகள் உங்களை ஏமாற்றி ஜெயித்தால் மனமாரத் தோற்றுப்போங்கள். உறையைவிட்டு வெளியே வராத வாளுக்கு அரக்கன் பயந்து ஓடத்தான் வேண்டும்.

எங்கள் ஐந்து விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மாற்றியும் பார்க்கலாம். நெசவாளருக்கு ஒரு பட்டறை வேண்டும் என்று எங்கள் பிள்ளைகள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். குயவருக்கும் இடம் வேண்டுமாம். தறியின் உறுப்புகளுக்கும் சக்கரத்தின் வேலைக்கும் தமிழில் என்னென்ன பெயர்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். ஆறாவது, ஏழாவது பட்டறைகளை நாம் எல்லாரும் சேர்ந்தே கட்டுவோம்.